மற்றவர்கள் தொடுத்த வழக்கில் நம் பங்கு தானாக வந்துசேருமா?

கேள்வி: நியூஜெர்சியில் என்னுடன் வசிக்கும் என் தாயாருக்கு 69 வயது. 2018-இல் அவருடைய வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. மூன்று ஆண்டுகளாக வலியும் வீக்கமும் இருந்தன. 14 மாதங்களுக்கு முன்பு மருத்துவமனை அனுப்பிய கடிதத்தில், அந்த மூட்டின் பிளாஸ்டிக் பகுதி எதிர்பார்த்ததைவிட விரைவில் தேயக்கூடும் என்பதால் தயாரிப்பு நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுவருவதாக எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் மறு அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. ‘இதற்கு ஏற்கெனவே கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு நடக்கிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பணம் தபாலில் வந்துவிடும்’ என்று அலுவலக நண்பர் சொல்கிறார். இதற்கிடையே நிறுவனத்தின் சார்பில் ஒரு முகமை, சிகிச்சைச் செலவை ஏற்பதாகக் கூறிக் கையெழுத்துக் கேட்டுப் படிவங்களை அனுப்பியிருக்கிறது. நாங்கள் காத்திருக்கலாமா? வழக்கில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் ஆகும், வழக்கறிஞருக்கு எவ்வளவு போகும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆயினும் அவர் சொன்னதை நம்பிக் காத்திருந்தால் உங்கள் தாயாரின் உரிமை ஓசையில்லாமல் பறிபோகக்கூடும். ஆகவே மற்ற விளக்கங்களுக்கு முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் உடற்காயத்துக்காக வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் 2 ஆண்டுகள். மருத்துவமனையின் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொண்டாலும் இன்னும் 10 மாதங்களே மீதமுள்ளன. அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடுவதற்கும் இடமிருக்கிறது. எனவே இந்த வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரைச் சந்தியுங்கள். இவ்வளவு அவசரம் எதற்கு என்பது புரிய வேண்டுமானால், கிளாஸ் ஆக்‌ஷன் எப்படி இயங்குகிறது என்பதையும், உங்கள் தாயாரைப் போன்றவர்களின் வழக்குகள் ஏன் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிளாஸ் ஆக்‌ஷன், அதாவது குழு வழக்கு, உரிமையியல் நடைமுறை விதிகளின் 23-ஆம் விதியின்படி நடக்கிறது. இப்போதுள்ள வடிவத்தை அந்த விதி 1966-இல் பெற்றது. ஒருவரோ சிலரோ தங்கள் பெயரில் வழக்குத் தொடுத்து, தங்களைப் போலவே பாதிக்கப்பட்ட மற்ற எல்லோருக்காகவும் வாதாடுவதாக நீதிமன்றத்திடம் சொல்வார்கள். சொன்னதால் மட்டும் அது குழு வழக்காகிவிடாது; நீதிபதி அதை அங்கீகரிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியே வழக்காட முடியாத அளவுக்கு எண்ணிக்கையில் அதிகமாக இருக்கிறார்களா, எல்லோருக்கும் பொதுவான கேள்விகள் இருக்கின்றனவா, முன்னால் நிற்பவரின் குறை மற்றவர்களின் குறையை ஒத்திருக்கிறதா, அவரும் அவருடைய வழக்கறிஞரும் எல்லோருடைய நலனையும் நேர்மையாகக் காப்பார்களா என்று அவர் ஆராய்வார். இழப்பீடு கேட்கும் வழக்கானால், பொதுவான கேள்விகள் தனிப்பட்ட கேள்விகளைவிட மேலோங்கி நிற்கின்றனவா, இதைவிடச் சிறந்த வழி வேறு இல்லையா என்பனவும் சேர்ந்துகொள்ளும்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டால், அந்த வரையறைக்குள் வரும் ஒவ்வொருவரும் எதுவும் செய்யாமலேயே வழக்கின் உறுப்பினராகிவிடுவார். அவருக்கு அறிவிப்பு வரும். குறித்த நாளுக்குள் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுக்காவிட்டால், வெற்றியானாலும் தோல்வியானாலும் முடிவு அவரையும் கட்டும். வங்கி ஒன்று பல லட்சம் வாடிக்கையாளர்களிடம் தவறாக 20 டாலர் பிடித்துக்கொண்டது என்றால், அந்த 20 டாலருக்காக யாரும் தனியாக நீதிமன்றம் ஏற மாட்டார்கள். அத்தகைய குறைகளுக்கு இந்த முறை உண்மையிலேயே பெரிய வரம். உங்கள் நண்பரின் மனத்தில் இருப்பதும் இதுதான். அவருக்கு என்றோ ஒருநாள் இப்படி ஒரு காசோலை தபாலில் வந்திருக்கும்.

உடற்காயம் அப்படிப்பட்டதன்று. ஒரே மூட்டைப் பொருத்திக்கொண்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்றாம் ஆண்டிலேயே எலும்பு கரைந்து மறு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இன்னொருவர் பத்து ஆண்டுகளாக நலமாக நடமாடுகிறார். ஒருவருக்கு ஏற்கெனவே எலும்பு நோய் இருந்தது. இன்னொருவருக்கு மூட்டைப் பொருத்திய கோணத்திலேயே பிழை நேர்ந்தது. வலி மூட்டின் குறையால் வந்ததா வேறு காரணத்தால் வந்ததா என்ற கேள்விக்கு ஒவ்வொரு உடலிலும் வேறு விடை கிடைக்கும். அவர்கள் பொருத்திக்கொண்ட நாள் வேறு, குறையை அறிந்த நாள் வேறு, இழந்த சம்பளம் வேறு, பல நேரங்களில் பொருந்தும் மாநிலச் சட்டமே வேறு. பெருந்திரளானோருக்குக் காயம் விளைவிக்கும் விபத்துகள் சாதாரணமாகக் குழு வழக்குக்கு ஏற்றவையல்ல என்று 1966-இல் விதியைத் திருத்திய ஆலோசனைக் குழுவே தன் குறிப்பில் எழுதிவைத்தது.

இதைத் தெளிவாக நிலைநாட்டியது 1997-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆம்கெம் தீர்ப்பு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பாதிக்கப்பட்ட பெருந்தொகையான மக்களின் கோரிக்கைகளை ஒரே குழு வழக்கின் சமரசத்தில் முடித்துவிட நிறுவனங்களும் வழக்கறிஞர்களும் முயன்றனர். நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. அவர் சுட்டிக்காட்டிய காரணத்தை நான் எப்போதும் மனத்தில் வைத்திருக்கிறேன். இன்றே நோயுற்றிருப்பவருக்கு வேண்டியது உடனடியான, போதுமான தொகை. தூசியைச் சுவாசித்தும் இன்னும் நோய் வெளிப்படாதவருக்கு வேண்டியது, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் விலைவாசிக்கு ஈடுகொடுத்து நிற்கக்கூடிய நிதி. இந்த இருவரின் நலனும் எதிரெதிர் திசையில் இழுக்கும்போது ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் நேர்மையாகப் பேச முடியாது. போதாக்குறைக்கு, தான் தூசியைச் சுவாசித்தோம் என்பதையே அறியாத ஒருவர், அறிவிப்பைப் பார்த்தாலும் அதன் பொருளை உணர மாட்டார்.

குழு வழக்காகவே தீர்ந்த உடற்காய விவகாரங்களும் இருக்கின்றன. வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லிக்கு ஆளான படைவீரர்களின் வழக்கு 1984-இல் 18 கோடி டாலருக்குச் சமரசமானது. கேட்பதற்குப் பெரிய தொகை; ஆனால் முற்றிலும் முடங்கிப்போன வீரருக்குக்கூட அதிலிருந்து உச்சமாகச் சுமார் 12,000 டாலர்தான், அதுவும் 10 ஆண்டுகளில் பிரித்துத் தருவதாகத்தான் திட்டம் இருந்தது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த எண்ணெய்க் கசிவைத் துப்புரவு செய்தவர்களுக்கான மருத்துவச் சமரசத்தில், ஏற்கப்பட்ட கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 1,300 டாலர் மட்டுமே கிடைத்தது. மறுபுறம், தலையில் பலமுறை அடிபட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக 2015-இல் ஏற்கப்பட்ட சமரசம், நோயின் தன்மைக்கேற்ப ஒருவருக்கு 50 லட்சம் டாலர் வரை வழங்க வழிசெய்தது. எப்படியிருந்தாலும், எதுவும் செய்யாமல் இருந்தவரை இவற்றில் எதுவும் முழுமையாகக் காத்துவிடவில்லை. பதிவு செய்ய வேண்டும், மருத்துவ ஆவணங்களோடு கோரிக்கை அனுப்ப வேண்டும், அதற்கும் கடைசி நாள் உண்டு.

அப்படியானால் உங்கள் நண்பர் கேள்விப்பட்ட வழக்கு என்ன? உங்கள் தாயாரின் மூட்டைப் பற்றிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகள் நடந்தால், அவை பெரும்பாலும் ‘மல்ட்டி டிஸ்ட்ரிக்ட் லிட்டிகேஷன்’, சுருக்கமாக எம்.டி.எல்., என்ற முறையில் ஒன்றுசேர்க்கப்பட்டிருக்கும். 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு வழிசெய்தது. தலைமை நீதிபதி நியமிக்கும் ஏழு நீதிபதிகள் கொண்ட குழு ஒன்று, வெவ்வேறு ஊர்களில் தொடுக்கப்பட்ட ஒரேவகை வழக்குகளை எல்லாம் ஒரே நீதிபதியிடம் அனுப்பும். நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பெறுவதும், பொறியாளர்களை விசாரிப்பதும், நிபுணர்களின் அறிக்கைகளைச் சோதிப்பதும் ஒரேமுறை நடந்தால் போதும் என்பதுதான் நோக்கம். தயாரிப்பு நிறுவனம் நியூஜெர்சியைச் சேர்ந்ததாக இருந்தால் மாநில நீதிமன்றத்திலும் இதேபோல வழக்குகளை ஒருங்கிணைக்கும் ஏற்பாடு உண்டு.

தயவுசெய்து இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள்: குழு வழக்கில் ஒருவர் எல்லோருக்காகவும் நிற்கிறார், எம்.டி.எல்.-இல் ஒவ்வொருவரும் தமக்காகத் தாமே நிற்கிறார்கள். வழக்குகள் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, ஒன்றாகக் கரைந்துவிடவில்லை. உங்கள் தாயார் வழக்குத் தொடுக்காத வரையில் அவருக்கு அங்கே எந்த வழக்கும் இல்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எந்தக் காசோலையும் அவருக்கு வராது.

காலவரம்பு பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதும் இதனால்தான். குழு வழக்கு ஒன்று தாக்கலானால், அதன் வரையறைக்குள் வருபவர்களின் காலக்கணக்கு அங்கீகாரம் பற்றிய முடிவு தெரியும் வரை நிறுத்திவைக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் ஒரு தீர்ப்பில் கூறியது. அந்தச் சலுகையையும் மாநிலச் சட்டத்தின்படி எழும் கோரிக்கைகளுக்கு எல்லா மாநிலங்களும் நீட்டிப்பதில்லை. எம்.டி.எல்.-க்கோ அப்படிப்பட்ட சலுகையே கிடையாது. பிறர் ஆயிரம் பேர் வழக்குத் தொடுத்திருந்தாலும் தொடுக்காதவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தமக்குக் காயம் நேர்ந்திருப்பதையும், அது பிறருடைய தவறால் நேர்ந்திருக்கலாம் என்பதையும் ஒருவர் அறிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து, நியூஜெர்சியில் 2 ஆண்டுகள் எண்ணப்படும். உங்கள் தாயாருக்கு மூன்று ஆண்டுகளாக வலி இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எந்த மருத்துவராவது ‘மூட்டு தேய்ந்திருக்கலாம்’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால், அந்த நாளிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். வலி இருப்பதை அறிவதும் அதற்கு மூட்டின் குறை காரணம் என்று அறிவதும் ஒன்றல்ல என்பது நம் பக்கத்தில் வலுவான வாதம். ஆனால் காலவரம்பு முடியும் முன்பே தாக்கல் செய்துவிட்டால் இந்த வாதத்தின் பெரும்பகுதி தேவையே இல்லாமல் போகும். பழைய மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். பாதகமாக ஏதேனும் இருப்பதாகத் தோன்றினால் அதை முதலில் கொடுங்கள்.

இன்னொரு சட்டத் தடையையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். எஃப்.டி.ஏ. என்னும் கூட்டாட்சி மருந்து நிர்வாகம் ஒரு மருத்துவக் கருவியை விரிவான முன் அனுமதிச் சோதனைக்கு உட்படுத்தி ஏற்றிருந்தால், அந்தக் கருவியின் பாதுகாப்புப் பற்றி மாநிலச் சட்டத்தின்படி தொடுக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை நிலைக்காது என்று 2008-இல் மெட்ரானிக் நிறுவனம் தொடர்பான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. சந்தையில் ஏற்கெனவே உள்ள கருவியை ஒத்தது என்று காட்டிச் சுருக்கமான வழியில் அனுமதி பெற்ற கருவிகளுக்கு இந்தத் தடை பொதுவாகப் பொருந்தாது. செயற்கை முழங்கால் மூட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வழியில் வந்தவை என்பதால் உங்கள் தாயாரின் நிலை நம்பிக்கையளிப்பதாகவே இருக்கிறது. ஆனாலும் எந்த மாடல், எந்தத் தொகுதி எண் என்பது தெரியாமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. மூட்டு பொருத்தும்போது அதன் பெட்டியிலிருந்த ஸ்டிக்கர்களை அறுவை சிகிச்சைப் பதிவேட்டில் ஒட்டிவைப்பது மருத்துவமனைகளின் வழக்கம். 2018-ஆம் ஆண்டின் அந்தப் பக்கத்தைக் கேட்டு நகல் வாங்குங்கள். வழக்கின் அடித்தளமே அந்தச் சிறு ஸ்டிக்கர்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

வழக்குத் தொடுத்த பின் என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.டி.எல்.-இல் எல்லோருக்கும் பொதுவான நீண்ட முறையீடு ஒன்று ஏற்கெனவே தாக்கலாகியிருக்கும். உங்கள் தாயாருக்காகச் சில பக்கங்களில் ஒரு சுருக்க முறையீடு தாக்கல் செய்தால் போதும். அதன்பின் அவருடைய உடல்நல வரலாறு, சிகிச்சைகள், வேலை, பழைய காயங்கள் ஆகியவை பற்றிய நீண்ட கேள்விப் படிவம் ஒன்று வரும். பலர் இதைச் சாதாரண விண்ணப்பமாக நினைத்துத் தள்ளிப்போட்டு, அதனாலேயே வழக்குத் தள்ளுபடியாகிப் போனதைக் கண்டிருக்கிறேன். அந்தப் படிவத்துக்கு நீதிமன்ற ஆணையின் வலு உண்டு. பின்னர் நீதிபதி சில வழக்குகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து ஜூரி எனப்படும் பொதுமக்கள் நடுவர் குழுவின் முன் விசாரிப்பார். அந்தத் தீர்ப்புகள் மற்ற வழக்குகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு ஜூரி இத்தகைய காயத்தை எப்படி மதிப்பிடும் என்பதை இரு தரப்புக்கும் காட்டும். பெரும்பாலும் அதன் பிறகுதான் சமரசப் பேச்சு சூடுபிடிக்கும்.

சமரசம் எப்படி அமையும் என்பதற்கு உங்கள் நிலைக்கு நெருக்கமான முன்னுதாரணம், டீப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு வழக்கு. 2010 ஆகஸ்டில் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டது. 2013 நவம்பரில் ஏறத்தாழ 250 கோடி டாலர் மதிப்பில் சுமார் 8,000 நோயாளிகளுக்கான சமரசம் அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட நாளுக்குள் மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அடிப்படைத் தொகையாக 2,50,000 டாலர் வைக்கப்பட்டு, அதிலிருந்து வயது, புகைப்பழக்கம், உடற்பருமன், மூட்டு உடலில் இருந்த காலம் போன்றவற்றுக்காகக் கழிவுகள் செய்யப்பட்டன. பெரிய பாதிப்புகளுக்குக் கூடுதல் தொகையும் இருந்தது. மறு சிகிச்சை பின்னால் தேவைப்பட்டவர்கள் பிற்காலத்து நீட்டிப்புக்காகக் காத்திருந்தார்கள். உங்கள் தாயாருக்கும் இதே தொகை கிடைக்கும் என்று இதைக் கொண்டு எண்ணிவிடாதீர்கள். நான் காட்ட விரும்பியது, இத்தகைய சமரசங்கள் அட்டவணை போட்டுக் கணக்கிடப்படுகின்றன என்பதையும், அந்த அட்டவணையில் மறு அறுவை சிகிச்சைக்கு மிகுந்த எடை உண்டு என்பதையும்தான். அதற்காக மருத்துவ முடிவை வழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டாம். எப்போது அறுவை சிகிச்சை என்பது அறுவை மருத்துவரும் உங்கள் தாயாரும் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது.

காலம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடுப்பு மூட்டு வழக்கிலும், 2004-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு 2007-இல் 485 கோடி டாலருக்குச் சமரசமான வயாக்ஸ் மருந்து வழக்கிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. படைவீரர்களின் காதடைப்பான்கள் தொடர்பான 3எம் வழக்குகள் 2019-இல் ஒருங்கிணைக்கப்பட்டு 2023-இல்தான் சமரசத்தை எட்டின. சமரசம் அறிவிக்கப்பட்ட பிறகும் ஆவணச் சரிபார்ப்பு முடிந்து பணம் கைக்கு வர மேலும் பல மாதங்கள் பிடிக்கும். 69 வயதுத் தாயாரின் மகளிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது. அவருடைய வாக்குமூலத்தை முன்கூட்டியே பதிவு செய்துவைக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். டெபொசிஷன் எனப்படும் அந்த விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் தயங்காதீர்கள். வழக்கு நடக்கும்போது வாதி காலமானால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதி அதைத் தொடரலாம். எனவே உயிலையும் மற்ற ஆவணங்களையும் ஒழுங்குபடுத்தி வைப்பது நல்லது.

இடையில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரினால் என்னாகும் என்ற கவலையும் சிலருக்கு இருக்கும். மார்பகச் செயற்கைப் பொருத்திகள் தொடர்பான வழக்குகளின் நெருக்கடியில் டௌ கார்னிங் நிறுவனம் 1995-இல் அப்படித்தான் செய்தது. அந்நிலையில் வழக்குகள் எல்லாம் நின்று, திவால் நீதிமன்றத்தில் குறித்த நாளுக்குள் உரிமைக்கோரலைப் பதிவு செய்தவர்களே பங்கு பெறுவார்கள். இதைக் கவனித்து உரிய நாளில் செயல்படவும் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

இனிக் கட்டணத்தைப் பற்றி. குழு வழக்கில் வழக்கறிஞரின் ஊதியத்தை நீதிபதி இழப்பீட்டு நிதியிலிருந்து நிர்ணயிப்பார். உங்கள் தாயாரின் வழக்கில் அது ஒப்பந்தப்படி நடக்கும்: பணம் கிடைத்தால்தான் கட்டணம், கிடைக்காவிட்டால் இல்லை. நியூஜெர்சி நீதிமன்ற விதி இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதல் 7,50,000 டாலர் வரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது, அதுவும் வழக்குச் செலவுகளைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமரசத் தொகை 2,50,000 டாலர், வழக்குச் செலவு 10,000 டாலர் என்றால் மீதம் 2,40,000, கட்டணம் 80,000, எஞ்சுவது 1,60,000. சிகிச்சைக்குப் பணம் கட்டிய மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடோ தனியார் காப்பீடோ தன் செலவைத் திரும்பக் கேட்கும். அது 40,000 என்றால் உங்கள் தாயாரின் கையில் நிற்பது 1,20,000 டாலர். காப்பீட்டின் கோரிக்கையைப் பேசிக் குறைப்பது வழக்கறிஞரின் முக்கியமான வேலைகளில் ஒன்று. அதை யார் செய்வார், தனிக் கட்டணம் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். எம்.டி.எல்.-இல் பொதுப்பணி செய்த முன்னணி வழக்கறிஞர்களுக்காக நீதிமன்றம் ஒவ்வொரு தொகையிலிருந்தும் ஒரு சிறு விழுக்காட்டைப் பிடிக்கும். அது உங்கள் வழக்கறிஞரின் பங்கிலிருந்து போகிறதா, தாயாரின் பங்கிலிருந்தா என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உடற்காயத்துக்கான இழப்பீட்டுக்குக் கூட்டாட்சி வருமான வரி பொதுவாக இல்லை, வட்டிக்கு உண்டு.

விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்தை அழைத்தால், வழக்கை அவர்களே நடத்துவார்களா, வேறொருவருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேளுங்கள். அனுப்புவதில் தவறில்லை, ஆனால் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லப்போகும் வழக்கறிஞர் யார் என்பது உங்கள் தாயாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்சிக்காரர் அவர்தான், நீங்கள் அல்ல. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பத்தியையும் அவருக்குத் தமிழில் சொல்லிப் புரியவைத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். பல நூறு பேருக்காக ஒரே வழக்கறிஞர் சமரசம் பேசினாலும், மற்றவர்களின் கோரிக்கைகள் எவை, யாருக்கு எவ்வளவு என்பதை எல்லாம் எடுத்துச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்பது தொழில் ஒழுக்க விதி. பெரும்பான்மையினர் ஏற்றால் நானும் ஏற்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கும் ஏற்பாடு செல்லாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. தொகை போதாது என்று தோன்றினால் மறுத்துவிட்டு வழக்கைத் தொடரும் உரிமை உங்கள் தாயாருக்கு உண்டு. அதே நேரத்தில், உரிமை கோருவோரில் மிகப் பெரும்பாலானோர் சேர்ந்தால்தான் சமரசம் செல்லும் என்று நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதால், ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்ற நெருக்குதல் வழக்கறிஞரிடமிருந்தே வரக்கூடும். அப்போது வேறொரு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

முகமை அனுப்பிய படிவங்களில் இப்போது கையெழுத்திட வேண்டாம். சிகிச்சைச் செலவை ஏற்பது உண்மையான உதவியாகவே இருக்கலாம்; ஆனால் அத்தகைய படிவங்களில் தாயாரின் மருத்துவப் பதிவுகள் அனைத்தையும் நிறுவனம் பெறுவதற்கான அனுமதியும், கழற்றிய மூட்டை அவர்களிடம் ஒப்படைப்பதற்கான சம்மதமும் சேர்ந்திருப்பது உண்டு. வழக்கறிஞர் படித்துப் பார்த்து, தேவையற்ற பகுதிகளை நீக்கிய பிறகு உதவியைப் பெற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக, அடுத்த மாத அறுவை சிகிச்சைக்கு முன்பு முடித்தாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கழற்றப்படும் மூட்டுதான் இந்த வழக்கின் மிகப் பெரிய சாட்சி. பிளாஸ்டிக் பகுதி எங்கே, எவ்வளவு, எப்படித் தேய்ந்தது என்பதை நிபுணர் ஆராய வேண்டுமானால் அது முழுதாக இருக்க வேண்டும். சொல்லிவைக்காவிட்டால் மருத்துவமனை அதைக் கழிவாக அகற்றிவிடலாம், அல்லது தயாரிப்பு நிறுவனத்துக்கே அனுப்பிவிடலாம். ஆகவே அறுவை மருத்துவருக்கும், மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவுக்கும், சட்டப் பிரிவுக்கும் உங்கள் தாயார் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை இன்றே அனுப்புங்கள்: ‘என் வலது முழங்காலிலிருந்து கழற்றப்படும் செயற்கை மூட்டின் எல்லாப் பகுதிகளும் என் உடைமை, அவற்றை அழிக்கவோ, ஆய்வுக்காக வெட்டவோ, என் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறு எவரிடமும் ஒப்படைக்கவோ வேண்டாம், பெயர், நாள், நேரம் குறித்து முத்திரையிட்டு என் வழக்கறிஞர் பெற்றுக்கொள்ளும் வரை பாதுகாத்து வையுங்கள்.’ கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை நாளன்று காலையில் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும்போதும் அதே வாசகத்தை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.